பெயர் சொல்லாத இரக்கம்

ஆற்றின் வளைவில் நின்று நோக்குவார்க்கு அந்நகரம் இரண்டு உயர்ந்த தூண்களின்மேல் தாங்கப்பட்டதுபோலத் தோன்றும். ஒன்று, வெண்கல்லால் எழுந்து, உச்சியில் சிலுவை ஏந்தி, காலைக் கதிர் முதலில் தீண்டும் பேறு தனக்கே உரியது என்பதுபோல் நிமிர்ந்து நிற்கும் திருக்கோயிலின் மணிக்கூண்டு. மற்றொன்று, செங்கல்லால் எழுந்து, கரி படிந்த வாயினால் ஓயாது வெண்புகை உயிர்த்து நிற்கும் துணி வெளுப்பகத்தின் புகைபோக்கி. இரண்டிற்கும் மேலே, குன்றின் முகட்டில், எண்ணற்ற சாளரங்களைக் கண்களாக விழித்தபடி பெரிய மருத்துவமனை வீற்றிருந்தது. நோயுற்றோர் கிடந்த விரிப்புகள் நாள்தோறும் வண்டி வண்டியாக அக்குன்றினின்று இறங்குவதும், வெளுத்து, உலர்ந்து, அனல் உருளைகளில் அழுந்தி, மடிப்புக் குலையாமல் மீண்டும் ஏறுவதுமாகவே அந்நகரத்தின் வாழ்வு சுழன்றது. ஞாயிறு முற்பகலில், திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து, கடைகள் பாதிக் கதவுடன் உறங்கிக் கிடக்கும் வேளையிலும், அந்தப் புகைபோக்கி மட்டும் ஓய்ந்ததில்லை. நோயாளிக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் உண்டா என்பது வெளுப்பக உரிமையாளர் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடையில் உண்மை இருந்தமையால், அதனுள் வேறு என்ன இருக்கிறது என்று எவரும் தேடிப் பார்க்கவில்லை.

அத்தகைய ஒரு ஞாயிறன்று, கோயிலின் பின்புறத்து அறையில் அறநெறி வட்டம் கூடியிருந்தது. உழைப்பவரின் மாண்பு, எளியோர் சார்பு, பொது நன்மை எனத் திருச்சபை வகுத்துரைக்கும் சமூகப் போதனைகளை எடுத்து, அவற்றின் ஒளியில் இன்றைய உலகின் சிக்கல்களை ஆராய்வதே அவ்வட்டத்தின் நோக்கம். அதன் முறை எளியது. முதலில், அவ்வாரம் தாம் கண்ட ஒன்றை ஒருவர் எடுத்துரைப்பார். பின்னர் அது போதனைக்கு இயைந்ததா என எல்லாரும் தேர்வர். இறுதியில் செய்யத்தக்கது யாது எனத் துணிவர். காண், தேர், செய் என்னும் மூன்று சொற்கள் சுவரில் பெரிய எழுத்தில் தொங்கின. அதனினும் பெரியதாக, எழுதப்படாத ஒரு நெறியும் அங்கே ஆண்டது. கண்டதை உரைப்பவர் எவர் பெயரையும் சொல்லலாகாது. பெயர் சொன்னால் அது புறங்கூறல், பெயர் சொல்லாவிட்டால் அது அருளுரை என்று பங்குத்தந்தை தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியிருந்தார்.

மூன்றாம் படியாகிய செய்கை பெரும்பாலும் தொலைநாட்டு அரசுக்கு விடுக்கும் வேண்டுகோளாகவே முடியும். நெருங்கியதை விட்டுத் தொலைவை நேசிப்பதில் அவ்வட்டத்துப் பல் மருத்துவரை வெல்ல ஆளில்லை.

"ஃபாதர், கடல் தாண்டி வர்ற அகதிகளைப் பத்திப் போன வாரம் பாதியில விட்டோமே" என்று அன்றும் அவரே தொடங்கினார்.

"நாம விடலை டாக்டர், டீ வந்துருச்சு" என்றார் பங்குத்தந்தை.

சிரிப்பலை அடங்கியதும், நடு வரிசையில் அமர்ந்திருந்த பள்ளி ஆசிரியை முன்சாய்ந்து செவிகொடுக்கலானாள். சிறுவர்க்குக் கதை சொல்லிப் பழகிய நாவினள். அவள் தான் கண்டதை எடுத்துரைக்கும் நாட்களில் அறையில் நாற்காலி நகரும் ஓசைகூட எழாது. அண்மையில் ஒருநாள் அவள் பேசி முடித்தபோது வட்டம் முழுதும் கண் துடைத்தது. அப்புகழை அவள் வேண்டாதவள்போல ஏற்று, வேண்டியவள்போல நினைவில் வைத்திருந்தாள். ஆயினும் அன்று அவள் உள்ளம் கனத்திருந்தது. அவள் கணவர் அவ்வெளுப்பகத்தில் கொதிகலன் காப்பவர். கணவரின் தங்கையோ அங்கே அனல் உருளைகளில் விரிப்பு இடுபவள். பேச்சின் வெடிப்பினால் பட்டாசு என்றே எல்லாராலும் அழைக்கப்பட்ட அத்தங்கை, இரண்டு நாட்களுக்கு முன்னர், காரணம் கூறப்படாமல் வேலையினின்று நீக்கப்பட்டிருந்தாள். காரணம் மட்டும் எல்லாரும் அறிந்ததே. மருத்துவமனை விரிப்புகளின் மடிப்புகளில் மறந்துபோன ஊசிகள் கிடக்கும். அழுக்குப் பிரிக்கும் பெண்களின் விரல்களில் அவை ஏறும். ஒருத்தியின் விரல் வீங்கிப் புண்ணானபின், தடித்த கையுறையும் வாரம் ஒருநாள் ஓய்வும் கேட்க வேண்டிச் சங்கம் அமைக்கப் பட்டாசு மறைவாக ஆள் சேர்த்து வந்தாள். அம்மறைவை யாரோ உடைத்துவிட்டனர்.

வெளுப்பக உரிமையாளரான அம்மையார் அவ்வட்டத்தில் ஒரு வாரமும் தவறாதவர். அறையின் நாற்காலிகளும் விளக்குகளும் அவர் ஈந்தவை. அன்று கண்டதை எடுத்துரைக்கும் முறை அவருடையது.

"ஒரு வீடு" என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். "எல்லாரும் ஒரே குடும்பமா உழைக்கிற வீடு. அதுல ஒரு பொண்ணு, கெட்டவ இல்லை, நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒளிஞ்சு நின்னு பேச ஆரம்பிச்சா. அந்தப் பொண்ணு மேல உண்மையான பாசம் வச்சிருந்த ஒருத்தர் வாயாலயே அது வீட்டுத் தலைவிக்குத் தெரிய வந்துச்சு. வீடு உடையறதுக்கு முன்னாடி அவளை அனுப்ப வேண்டியதாப் போச்சு. மனசு வலிச்சுது. சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்."

கூறி முடித்தவர், ஈரம் துளிர்த்த விழிகளை உயர்த்தி ஆசிரியையை நோக்கினார். அந்நோக்கில் பரிவு இருந்தது. யாருக்கான பரிவு? எதற்கான பரிவு? ஆசிரியை எண்ணலானாள். பட்டாசின்மேல் உண்மையான பாசம் வைத்த ஒருவர், அதுவும் அம்மையாரிடம் பேசும் உரிமை உடைய ஒருவர், அவ்வெளுப்பகத்தில் யார்? ஒருவரே இருந்தார். அவர் இவளுடைய வீட்டில், இவளுடைய கையால் உண்பவர்.

உழைப்பவர் ஒன்று சேர்வது அவர்தம் உரிமை எனத் திருச்சபை ஐயமறக் கூறுகிறது என்றார் பங்குத்தந்தை. "ஆனா" என்றும் சேர்த்தார். அந்த ஆனாவின் பின்னே என்ன வந்திருக்குமோ, தேநீர் வந்துவிட்டது. அவர் அமர்ந்திருந்த நாற்காலியை ஆசிரியை அன்றுதான் முதன்முதலாக உற்று நோக்கினாள். அதை ஈந்தவர் யார் என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தாள். ஐயம் என்பது ஒரு வீட்டினுள் நுழைந்தால் ஒரே அறையில் தங்கும் விருந்தன்று.

ஆசிரியை வீடு திரும்பியபோது, உணவு வேளைக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தாள் பட்டாசு. ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டில் உண்பது அவள் வழக்கம். வேலை போன கவலையினால் அவ்வழக்கத்தைக் கைவிடும் இயல்பு அவளுக்கு இல்லை. உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே அவள் பேசிய பேச்சில், தோல் எங்கே விழுகிறது என்பதையும் அவள் நோக்கவில்லை.

"என் அடையாள அட்டையை வாங்கும்போது அந்தம்மா கண்ணுல தண்ணி அண்ணி! வேலை போனது எனக்கு, அழுவறது அவங்க. கடைசில நான்தான் 'பரவாயில்லை மேடம், மனசைத் தேத்திக்கோங்க'ன்னு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்."

ஆசிரியை சிரிக்க முயன்றாள். கொதிகலன்காரர் சிரிக்கவில்லை.

"வேலை போனா போவுது. சொன்னது யாருன்னு மட்டும் தெரியணும்" என்று தொடர்ந்தாள் பட்டாசு. "நாங்க நின்னு பேசினது சோப்புத்தூள் மூட்டைக்குப் பின்னாடி. மூட்டைக்குக் காது முளைச்சாத்தான் உண்டு. வந்தவங்க நாலே பேரு. அதை விட்டா உன்கிட்டயும் அண்ணன்கிட்டயும்தான் வாயைத் திறந்தேன்."

கொதிகலன்காரர் எழுந்தார். பழுது ஏதுமில்லாத சாளரத் தாழ்ப்பாளை அணுகி, திருகி, அசைத்து, அதில் நெடுநேரம் ஈடுபட்டிருந்தார்.

"அண்ணே, அது நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். ஒரு தடவை பார்த்து வைக்கிறேன்."

தங்கை அம்முதுகைக் கண்டு சிரித்தாள். மனைவியோ அம்முதுகில் எழுதப்படாத எழுத்தையெல்லாம் படித்தாள். சில திங்களுக்கு முன்னரே அவர் தலைமைக் காப்பாளராக உயர்த்தப்பட்டார். அவ்வுயர்வு எதன் விலை? வெள்ளியன்று அவர் வழக்கத்திற்கு முன்னரே வீடு திரும்பி, பேசாது படுத்தார். அப்பேசாமை எதன் சுமை? இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவருடைய அமைதியைக் களைப்பு என்றும் கனிவு என்றும் பொருள் கொண்டு வந்தவள், ஒரே பகலில் அந்த அகராதியைத் திருத்தி எழுதலானாள்.

பின் வந்த நாட்களில் அவள் கணவரைக் கண்காணிக்கும் காவலர் ஆனாள். பள்ளி விட்டதும் நேரே வீடு செல்லாது, வெளுப்பக வாயிலுக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் குடை தாழ்த்தி நின்றாள். வாயிலில் அம்மையார் அவரை மறித்து, கைகூப்புவதும் அவர் தலையசைத்து விலகுவதும் கண்டாள். விலகியதை ஒளித்ததாக எண்ணினாள். நண்பகலில் அவர் தனித்து அமர்ந்து உண்பதாக ஒருத்தி கூறக் கேட்டாள். தனிமையைக் குற்ற உணர்வு என முடித்தாள். ஐயுறும் உள்ளத்திற்கு எல்லாச் செய்தியும் ஒரே செய்திதான். வகுப்பில் ஒரு சிறுமி எழுதுகோலைத் தொலைத்துவிட்டு அழுதபோதுகூட, யார் எடுத்தது என்னும் வினா தன் நாவில் எத்துணை விரைவாக எழுந்தது என்பதைக் கண்டு அவளே திகைத்தாள். எழுதுகோல் சிறுமியின் பையிலேயே கிடந்தது.

வெளுப்பகத்தின் உள்ளேயும் அதே நோய் பரவிற்று. மூட்டைகளின் பின்னே கூடிய நால்வரும் ஒருவரை ஒருவர் நோக்குவதை நிறுத்தினர். மடிப்பவள் பிரிப்பவளை ஐயுற்றாள், அவள் தம்பி அண்மையில் அங்கே வண்டி ஓட்டும் வேலை பெற்றான் என்பதற்காக. பிரிப்பவள் மடிப்பவளை ஐயுற்றாள், அம்மையார் அவளிடம் மட்டும் உடல்நலம் வினவினார் என்பதற்காக. நால்வரும் சேர்ந்து கொதிகலன்காரரை ஐயுற்றனர். அவர் வந்தால் பேச்சு நின்றது, அவர் குடிக்கும் குவளை கழுவப்படாமல் கிடந்தது. ஒரு சங்கத்தைக் கலைக்க அடியாளும் வேண்டா, ஆணையும் வேண்டா; சொன்னது நம்மில் ஒருவர் என்னும் ஓர் எண்ணம் போதும். ஊசிகளோ, முன்போலவே மடிப்புகளில் வந்துகொண்டிருந்தன.

பொழுது சாயும் ஒரு வேளையில், காலணி கழற்றிக்கொண்டிருந்த கணவர் முன் வந்து நின்றாள் ஆசிரியை.

"என்னங்க, நேரா கேக்கறேன். அவளைப் பத்தி அந்தம்மாகிட்ட சொன்னது நீங்களா?"

அவர் காலணியின் கயிற்றைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தபடியே, "அப்படித்தான்னு வச்சுக்க" என்றார்.

வாயிற்படியில் ஓர் அசைவு. அண்ணிக்கெனப் பழம் வாங்கிவந்த பட்டாசு அங்கே நின்றிருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவள் குரல் வெடிக்காமல் எழுந்தது.

"கொதிகலன் வெடிக்காம பார்த்துக்கற ஆளு நீ. போயும் போயும் என்னையா காட்டிக் கொடுத்தே அண்ணே?"

பழப்பையை நிலையோரம் வைத்துவிட்டு இறங்கிச் சென்றாள். அவளைப் பின்தொடர்ந்து ஓடவேண்டிய கணவர், அமர்ந்த இடத்தினின்று அசையவில்லை. அவ்விருப்பை ஆசிரியை அறவே வெறுத்தாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அவள் அம்மையாரைக் காணச் சென்றாள். கணவர் இழைத்த பிழையைத் தன் நாவன்மையால் ஈடுசெய்வதாக உறுதி. வெளுப்பகத்தின் உள்ளே அவள் அதற்குமுன் அடிவைத்ததில்லை. நுழைவாயிலை அடுத்த கூடத்தில், குருதியும் மருந்தும் மணக்கும் விரிப்புக் குவியல்களை வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தனர் பெண்கள். ஒவ்வொன்றையும் நுனிவிரலால் உதறி, ஏதேனும் மின்னுகிறதா எனப் பார்த்து, பின்னரே வீசினர். அதற்கப்பால் வெளுக்கும் உருளிகள் இடிபோல் உருண்டன. அதற்கும் அப்பால், அனல் உருளைகளின் முன், நீராவியில் பாதி மறைந்த உருவங்கள் விரிப்பின் இருமுனையும் பற்றி, நீட்டி, இட்டு, மீண்டும் நீட்டி, ஒருவரோடொருவர் பேசாது ஆடும் கூத்துப்போல் இயங்கின. அமர ஒரு முக்காலியும் இல்லை.

அம்மையாரின் அறை குளிர்ந்திருந்தது. அவர் எழுந்து வந்து ஆசிரியையின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"மேடம், அவளைத் திரும்ப எடுத்துக்கணும்" என்று தொடங்கினாள் ஆசிரியை. "வட்டத்துல நாம படிச்சது உங்களுக்குத் தெரியாததில்லை. உழைப்புக்காக மனுஷன் இல்லை, மனுஷனுக்காகத்தான் உழைப்பு. சேர்ந்து நின்னு கேக்கறது அவங்க உரிமை."

"நானும் அதே பாடத்தைத்தான் படிச்சேன் டீச்சர். சின்ன அமைப்பு தானே தீர்த்துக்கக்கூடிய விஷயத்துல பெரிய அமைப்பு கை வைக்கக் கூடாதுன்னும் அதுலதான் இருக்கு. வெளிய இருந்து சங்கம் வந்து உக்காந்தா மருத்துவமனை வேலை வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் இத்தனை பேருக்கும் பொது நன்மை எங்க இருந்து வரும்?"

"சின்ன அமைப்புன்னு நீங்க சொல்றது உங்களை மட்டுமா, கீழ நிக்கறவங்களையும் சேர்த்தா?"

அம்மையார் பற்றியிருந்த கைகளை விட்டார். "கையுறை கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். யாரும் வந்து கேக்கலையே."

"கேக்கறதுக்குத்தான் கூடினாங்க."

அம்மையாரின் முகத்தில் சினம் எழவில்லை, குழப்பமே படர்ந்தது. இப்பெண்மணியை எளிதாக வெறுத்துவிட வழியில்லை, வாசகரே. அவர் தம்மை நல்லவர் என்றே நம்பினார். பாதி உண்மையாகவும் இருந்தது அந்நம்பிக்கை.

"ஒண்ணு எனக்குப் புரியலை டீச்சர். நீங்களே வந்து இப்படிக் கேக்கறீங்களே. எனக்குச் சொன்னதே நீங்கதானே?"

"நானா?"

"அன்னைக்கு வட்டத்துல சொன்னீங்களே. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு."

அம்மையார் அதைத் திரும்ப உரைத்தார். சொற்கள் சிதையாது, இடைவெளிகள்கூட இடம் மாறாது உரைத்தார். ஓர் ஆலையில் ஒரு பெண். நாள் முழுதும் நின்று நின்று மரத்துப்போன கால்கள். வலது மணிக்கட்டில் பிறைபோல் வளைந்த தீப்புண் வடு. அழ வேண்டிய இடத்தில் நகைக்கும் வாய். அத்தகையவள் நண்பகல் ஓய்வில் தனக்கென உண்ணாது, வெண்தூள் மூட்டைகளின் மறைவில் தோழியரைக் கூட்டி, ஊசி குத்திய ஒருத்தியின் விரலைப் பற்றிக்கொண்டு, இனி எவள் விரலும் இப்படியாகக் கூடாது என்று சூள் உரைக்கிறாள். அந்த மூட்டைகளின் பின்னேதான் இன்று நம் திருக்கோயில் இருக்கிறது என்று ஆசிரியை அன்று முடித்திருந்தாள். பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் மருத்துவர் கைதட்ட மறந்தார்.

"நீங்க பேர் சொல்லலை, வெளுப்பகம்னுகூடச் சொல்லலை. ஆனா மணிக்கட்டுல அந்த மாதிரி வடு எத்தனை பேருக்கு இருக்கு? வெண்தூள் மூட்டை எத்தனை ஆலையில இருக்கு?" என்றார் அம்மையார். "நான் என்ன நினைச்சேன்னா, நேரா காட்டிக் கொடுக்க மனசு வராம, எனக்கு உறைக்கிற மாதிரி நாசூக்கா எச்சரிக்கறீங்கன்னு நினைச்சேன். அவ அதிகமாப் போறதுக்குள்ள நிறுத்தணும்னு உங்களுக்கே ஆசைன்னு. அவளை அனுப்பின அன்னைக்கே உங்க வீட்டுக்காரருக்கும் நன்றி சொன்னேன். அவர் முகம் அப்படியே வெளிறிப் போச்சு. வாசல்ல பார்க்கறப்பல்லாம் கும்பிடறேன், பேச மாட்டேங்கறார்."

ஆசிரியை எவ்வாறு விடைபெற்றாள், எந்தப் படிகளில் இறங்கினாள் என்பதை அவளே அறியாள். கொதிகலன் அறையின் கனத்த கதவைத் தள்ளியபோது, அழுத்தமானியின் முள்ளை நோக்கி நின்ற கணவர் திரும்பினார். மனைவியின் முகம் கண்டதும் எல்லாம் அறிந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? வட்டத்துல பேசிட்டு வந்த அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தே தெரியுமா? மூட்டையில இருந்து ஆரம்பிச்சு மொத்தத்தையும் எனக்கு இன்னொரு தடவை நடிச்சே காட்டினே."

"அப்பவே தடுத்திருக்கலாமே."

"அந்தம்மாவும் வட்டத்துக்கு வர்றவங்கன்னு நீ சொல்லலையேம்மா. அவங்க நன்றி சொன்னப்பதான் எனக்கே விளங்குச்சு."

"அதுக்காகப் பழியை நீங்க ஏத்துப்பீங்களா?"

கொதிகலன்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நான் அவளுக்கு அண்ணன். என்மேல கோபப்பட்டா ரத்தம் என்னைக்காவது இழுத்துட்டு வந்துரும். நீ வந்தவ. உன்மேல சந்தேகம் விழுந்துச்சுன்னா அவ இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. உனக்கும் அவளைவிட்டா யாரு இருக்கா?"

இத்துணை நாளும் தான் படித்த முதுகு இதுவோ என்று அவள் நின்றாள். அவர் அமைதியின் ஒவ்வொரு எழுத்தையும் தவறாகப் படித்த தன் கல்வியை எண்ணி நாணினாள். அழுகை வந்தது, ஆயினும் அழுகையின் இனிமையை அன்று அவள் நம்பவில்லை. அழச் செய்யும் ஆற்றலால் விளைந்த தீங்கு கண்முன் நின்றதே.

"வேண்டாம், சொல்லாதே" என்றார் கணவர், அவள் எண்ணம் அறிந்து. "ஆறிப்போகும்."

"உங்களுக்கு ஆறிப்போகும். உள்ள நாலு பேரு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம ஊசி பொறுக்கறாங்களே, அது ஆறாது."

அடுத்த நாள் நண்பகல் மணி ஒலித்து, பெண்கள் வாயிலுக்கு வெளியே சுவர் நிழலில் உணவுப் பேழைகளைத் திறந்த வேளையில், ஆசிரியை பள்ளிக்கு விடுப்பு எடுத்து அங்கே வந்து நின்றாள். பட்டாசையும் வலிந்து அழைத்து வந்திருந்தாள். அவள் எங்கோ நோக்கியபடி, அண்ணன் இருக்கும் திசையை மட்டும் விலக்கி நின்றாள். கதை சொல்லிப் பழகிய நாவு அன்று ஓர் அணியும் இன்றிப் பேசிற்று.

"சொன்னது உங்கள்ல யாரும் இல்லை. இவங்க அண்ணனும் இல்லை. நான்தான். கோயில்ல, எல்லார் முன்னாடியும். பேரைச் சொல்லலைன்னா போதும்னு நினைச்சு, மத்ததெல்லாம் சொல்லிட்டேன். வீட்டுல என்னை நம்பிச் சொன்னதை எடுத்துக்கிட்டுப் போய்ப் பேசினேன்."

பெண்கள் கைகளில் உணவு நின்றது. மடிப்பவள் பிரிப்பவளை நோக்கினாள். எத்தனையோ நாளுக்குப் பின் நேராக நோக்கினாள். அவர்கள் கண்களில் எழுந்த நிம்மதியே ஆசிரியைக்குக் கசையடியாக இருந்தது.

பட்டாசு மெல்லத் திரும்பினாள்.

"என் கை வடுவைக்கூடச் சொன்னியா அண்ணி?"

"சொன்னேன்."

"அழகா சொன்னியா?"

ஆசிரியை தலைகுனிந்தாள்.

"எல்லாரும் அழுதாங்களா?"

"அழுதாங்க."

"அந்தம்மா?"

"அவங்கதான் முதல்ல."

பட்டாசு நகைத்தாள். வெடித்து எழும் அவளுடைய பழைய நகையன்று அது; ஈரத்தில் கிடந்த திரி பற்றாமல் அணைவதுபோல் ஓர் ஓசை. பின்னர் அவள் ஆசிரியையைக் கடந்து, வாயிலின் உட்புறம் நின்ற அண்ணனிடம் சென்று, அவர் கையில் இருந்த உணவுப் பேழையை உரிமையோடு பிடுங்கித் திறந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்? பெரிய தியாகி!" என்று சொல்லிக்கொண்டே உண்ணத் தொடங்கினாள். அவர் அவள் உண்ணுவதையே பார்த்திருந்தார்.

அவ்வாரமே பெண்கள் மறைவின்றிக் கூடினர். மூட்டைகளின் பின்னே அல்ல. அம்மையாரின் குளிர்ந்த அறையின் வாயிலில், பிரிப்பவரும் மடிப்பவரும் உருளைப் பெண்களும் ஒருசேர நின்றனர். எவரையேனும் ஒருத்தியை நீக்கி அதைக் கலைக்க இனி இயலாதென்பதை அம்மையார் கண்டார். கையுறைகள் வந்தன. ஓய்வுநாள் முறை வைத்து வழங்கப்பட்டது. பட்டாசும் திரும்ப அழைக்கப்பட்டாள். ஆனால் அனல் உருளைக்கு அன்று, அழுக்குப் பிரிக்கும் கூடத்திற்கு. அது கனிவா, தண்டமா, சங்கத்தைப் புரிந்துகொண்ட ஒரு மனத்தின் தொடக்கமா, அல்லது அடுத்த கணக்கின் முதல் எண்ணா என்று அந்நகரில் ஒருவராலும் உறுதி கூற இயலவில்லை. சங்கத்துப் பெண்களோ உறுதி கூற முயலவும் இல்லை. கையுறைகளின் தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தே அணிந்தனர்.

ஞாயிறு உணவிற்குப் பட்டாசு மீண்டும் வரத் தொடங்கினாள். அண்ணிக்குப் பழமும் வாங்கி வந்தாள். உண்ணும்போது வெயிலைப் பற்றியும், பேருந்துகளின் கூட்டத்தைப் பற்றியும், உருளைக்கிழங்கின் பதத்தைப் பற்றியும் மலர்ந்த முகத்தோடு பேசினாள். ஆயினும் வெளுப்பகத்தில் நிகழ்ந்த ஒன்றை அண்ணனிடம் கூறத் தொடங்கும்போது, ஆசிரியை அறைக்குள் அடிவைத்தால், நடுவிலே அச்சொல் நின்றுவிடும். வேண்டுமென்று நிறுத்தவில்லை, நாவே அறிந்து நின்றது. மன்னிப்பு வந்துவிட்டது. நம்பிக்கையோ வேறு வழியில் வரும் பயணி. அதன் வருகைக்கு நேரம் குறிப்பார் எவருமில்லை.

மனிதர் எவரும் எவர்க்கும் கருவியாகார் என்பதே, கற்றுணர்ந்த வாசகரே, அவ்வட்டம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த போதனையின் வேர். செல்வத்திற்கும் அரசிற்கும் எந்திரத்திற்கும் அவ்வறத்தைப் பொருத்திக் காட்டுவார் பலர். நம் இரக்கத்திற்கும், அவ்விரக்கம் பிறர் கண்களில் பெற்றுத்தரும் ஈரத்திற்கும் அதே அறம் பொருந்தும் என்பதை ஆசிரியை எவர் வாயாலும் கற்கவில்லை. கற்றபின் எவரிடமும் உரைக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் உண்டு முடிந்ததும் கலங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் செல்வாள்; அண்ணனும் தங்கையும் மேசையில் தனித்திருப்பர். தான் கேட்கவில்லை என்பது அவர்களுக்கு ஐயமின்றித் தெரியும்பொருட்டு, குழாயை முழுதும் திறந்து, நீர் ஓலமிட்டு வீழும்படி விட்டு, கழுவிய கலங்களையே மீண்டும் கழுவிக்கொண்டு நிற்பாள்.